ஜூலை 23: பலகையில் ஏறாத ஒரு வரி

பள்ளிகளில் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ‘வரலாற்றில் இன்று’ வாசிப்பது வழக்கம். ஜூலை 23 என்றால் வழக்கமாக வரும் வரிகள் இவை: 1856இல் ரத்னகிரியில் பாலகங்காதர திலகர் பிறந்தார். 1906இல் சந்திரசேகர ஆசாத் பிறந்தார். 1927இல் பம்பாய் வானொலி நிலையம் ஒலிபரப்பைத் தொடங்கியது. மூன்றும் உண்மை, மூன்றும் தெரிந்திருக்க வேண்டியவை. ஆனால் நம் தாமிரபரணிக் கரையில் நடந்தது இந்தப் பட்டியலில் இல்லை.

நம்மூர்க்காரர்களுக்கு நெருக்கமான இன்னொரு வரியும் இதே தேதியில் உண்டு. சுப்பிரமணிய சிவா 1925 ஜூலை 23 அன்று பாப்பாரப்பட்டியில் இறந்தார். 1908இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, வ.உ.சி.யோடு நின்று கூலி உயர்வும் வார விடுமுறையும் பெற்றுத் தந்தவர் அவர். இருவரையும் கைது செய்ததும் நெல்லை கொதித்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். சிறை சிவாவுக்குத் தொழுநோயைத் தந்தது. நோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏறத் தடை வந்ததும் ஊர் ஊராக நடந்தே போனார். ஒதுக்கிவைத்தல் என்றால் என்னவென்று கடைசிக் காலத்தில் தன் உடம்பிலேயே அறிந்தவர்.

திலகரைப் பற்றியும் ஒரு செய்தி சேர்த்துப் படியுங்கள். 1920இல் அம்பேத்கர் ‘மூக்நாயக்’ இதழைத் தொடங்கினார். காசு தருகிறோம் என்று சொல்லியும் அதன் விளம்பரத்தை வெளியிட திலகரின் ‘கேசரி’ மறுத்துவிட்டது. ‘மூக்நாயக்’ என்றால் ஊமைகளின் தலைவன். யாருக்கு வாய் மறுக்கப்பட்டது என்பதை அந்தப் பெயரே சொல்லும்.

இனி 1999 ஜூலை 23. அன்று நம் நேரப்படி காலை பத்து மணியளவில், கொலம்பியா விண்கலம் அமெரிக்காவிலிருந்து ‘சந்திரா’ தொலைநோக்கியைச் சுமந்து கிளம்பியது. நோபல் பரிசு பெற்ற தமிழர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் அதற்கு. ஒரு தமிழர் பெயர் வானம் ஏறிய அதே நாளில், திருநெல்வேலியில் 17 உயிர்கள் ஆற்றோடு போயின.

மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. இந்தத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாகக் கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். கூலி உயர்வு கேட்டுப் போராடிய 600க்கும் மேற்பட்டவர்கள் சிறையில் இருந்தார்கள். அவர்களை விடுதலை செய்யச் சொல்லி கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகம் நோக்கி ஊர்வலம் வந்தது. போலீஸ் தடியடி நடத்தியது. ஒரு பக்கம் லத்தி, மறுபக்கம் ஆறு. ஜனம் ஆற்றில் விழுந்தது. இறந்த 17 பேரில் இரண்டு பெண்களும் ஒன்றரை வயதுக் குழந்தையும் உண்டு. ஆர்.ஆர். சீனிவாசன் எடுத்த ‘நதியின் மரணம்’ ஆவணப்படம் அந்த நாளைப் பதிந்துவைத்திருக்கிறது.

1908இல் கோரல் மில் தொழிலாளர்கள் கேட்டதும் கூலி. 1999இல் மாஞ்சோலைத் தொழிலாளர்கள் கேட்டதும் கூலி. முன்னது பாடப்புத்தகத்தில் வந்துவிட்டது. பின்னதை ஆண்டுதோறும் ஆற்றில் பூத்தூவி அஞ்சலி செலுத்துகிறவர்கள்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்தத் தோட்டமும் இன்று ஓய்ந்துவிட்டது. 99 ஆண்டுக் குத்தகை 2028இல்தான் முடிகிறது. அதற்கு முன்பே, 2024இல், நிறுவனம் தொழிலாளர்களை விருப்ப ஓய்வில் அனுப்பிவிட்டது. மலையை விட்டு இறங்கினால் போக வீடில்லாத குடும்பங்கள் பல.

நாட்காட்டியில் இடம்பிடிப்பது, யாருடைய நாள் எழுதிவைக்கப்பட்டதோ அவர்களுக்குத்தான் எளிது. நம் தெருக்களில் வயதானவர்களைக் கேட்டுப் பாருங்கள். பிறந்த தேதி பலருக்குத் தெரியாது. பள்ளியில் சேர்த்தபோது வாத்தியார் போட்ட தேதிதான் பிறந்தநாள். ‘தனுஷ்கோடிப் புயலுக்கு முந்தின வருசம்’ என்று கணக்குச் சொல்கிறவர்களும் உண்டு. பிறப்பையே எழுதிவைக்காத சமூகம் இறப்பையாவது எழுதிவைக்க வேண்டாமா?

மாணவர்களே, வரும் ஜூலை 23 அன்று திலகரை எழுதுங்கள், ஆசாத்தை எழுதுங்கள், சிவாவையும் எழுதுங்கள். அதன் கீழே இதையும் எழுதுங்கள்: ‘1999: கூலிக்காகப் போராடிச் சிறைப்பட்டவர்களின் விடுதலை கேட்டுப் போன 17 பேர் தாமிரபரணிக் கரையில் உயிரிழந்தனர்.’ ஏன் எழுதினாய் என்று யாராவது கேட்டால், நடந்ததைத்தான் எழுதினேன் என்று சொல்லுங்கள். நாம் குடிக்கிற தண்ணீர் அந்த ஆற்றுத் தண்ணீர்தான்.