மண்ணின் பசி

கார்த்திகைத் தீபத்தன்று திருவண்ணாமலையில் கூடுவோர் அனைவரும் மலையுச்சியை அண்ணாந்து நோக்குவர். அம்மலையைச் சூழ்ந்துள்ள செம்மண் கொல்லைகளைக் குனிந்து நோக்குவார் சிலரே. அம்மண்ணின் நிலையையே யாம் ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

இப்பகுதிக் கொல்லைகளில் மானாவாரியாக விளைவது பெரும்பாலும் மல்லாட்டை எனப்படும் வேர்க்கடலையாகும். இஃது அவரையினத்தைச் சேர்ந்தது. இதன் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்கித் தருகின்றன. ஆயினும், அதுகொண்டே நிலம் வளம்பெறும் என எண்ணுதல் பிழை. அறுவடையில் செடி வேரோடு பிடுங்கப்படுகின்றது. பருப்பு செக்குக்கும், கொடி மாட்டுக்கும் போகின்றன. அம்மாட்டின் சாணமும் கொல்லைக்கு மீளாது வரட்டியாய் எரியுமாயின், நிலம் கொடுத்ததேயன்றிப் பெற்றது யாது?

1893-இல் வெளிவந்த தம் அறிக்கையில் வோயல்க்கர் என்னும் ஆங்கிலேய வேதியியலறிஞர் இக்குறையை எடுத்துக்காட்டினார். எனினும் அவர் உழவரைப் பழித்தாரல்லர். விறகின்மையே காரணம் எனக் கண்டு, விறகுக் காடுகள் வளர்க்க வேண்டும் என்றார்.

செம்மண்ணில் இயல்பாகவே மட்கு குறைவு. மட்கோ, நீரையும் பயிருணவையும் பற்றிவைத்து, வேண்டுங்கால் வேருக்கு அளிப்பது. இரசாயன உரம் பயிர்க்கு விரைந்து உணவு தரும். ஆனால் மண்ணுக்கு மட்கினை நேரே தாராது. ஏர் உழுதலினும் எருவிடுதலை வள்ளுவனார் மேலாக வைத்தமையின் நுட்பம் இதனால் விளங்கும்.

மட்கெரு ஆக்கும் முறையொன்றை ஆல்பர்ட் ஹோவர்டு என்பார் இந்தூரில் 1924 முதல் 1931 வரை ஆராய்ந்து வகுத்தார். சருகு, தாள், சாணம், மாட்டுநீர் ஊறிய மண், சாம்பல் ஆகியவற்றை அடுக்கி, ஈரங்காத்து, இடையிடையே புரட்டிவரின் ஏறத்தாழ மூன்று திங்களில் எரு ஆயத்தமாகும். நம் முன்னோர் கோடையில் ஏரிவண்டல் அடித்ததும், ஆட்டுக்கிடை மடக்கியதும், கொழுஞ்சி விதைத்து மடக்கி உழுததும் இவ்வுண்மையை ஒட்டியனவே. அண்மைக்காலத்தில் கோ. நம்மாழ்வார் (1938–2013) தமிழகமெங்கும் நடந்து இதனையே வற்புறுத்தினார்.

எருவின் பயன் மெல்லவே தோன்றும் என்பதும், உரத்தைத் திடீரென நிறுத்தின் முதற்சில ஆண்டுகள் விளைச்சல் குன்றக்கூடும் என்பதும் மெய்யே. கடன்பட்ட சிற்றுழவர்க்கு அவ்விழப்பு சிறிதன்று. ஆதலின் ஒரு மூலைக்கொல்லையில் தொடங்கிப் படிப்படியே விரித்தல் தகும்.

நாம் நிலத்திற்கு உடையவரல்லேம், உக்கிராணக்காரரே. ஒருநாள் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவர் நாம். விடுமுறையில் ஊர்செல்லும் மாணவ நண்பர்காள், கொல்லைப்புறத்தில் ஓர் எருக்குழி வெட்டி அக்கணக்கைத் தொடங்குவோமாக!