டயரைக் காப்பவரே முந்துகிறார்: சிம் ரேசிங் சொல்லும் அறிவியல்

மந்தின் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பால் வெட்டியவர்களுக்கு ரப்பரின் குணம் நன்றாகத் தெரியும். மங்கில் உறைந்த ஒட்டுப்பால் வெயில் ஏற ஏற இளகிப் பிசுபிசுக்கும், குளிர்ந்தால் விறைக்கும். இன்று கணினித் திரைக்கு முன்னால் ஸ்டீயரிங்கைப் பிடித்து, இணையம் வழியே பல நாட்டுப் போட்டியாளர்களோடு மோதும் ‘சிம் ரேசிங்’ பந்தயத்திலும் வெற்றி தோல்வியைப் பெரும்பாலும் முடிவு செய்வது ரப்பரின் இந்தக் குணம்தான்.

தொடக்கத்தில் முன்னணியில் ஓடிய நீங்கள் கடைசிச் சுற்றுகளில் ஒவ்வொருவராக முந்தவிட்டு நிற்கிறீர்களா? கோளாறு உங்கள் வேகத்தில் இல்லை, டயரில் இருக்கலாம்.

பிடிப்பு எங்கிருந்து வருகிறது?

பச்சை ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலில் இளகாமலும் குளிரில் விறைக்காமலும் உறுதியாகிறது என்று 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்தார். அதன் பிறகே ரப்பர் சக்கரத்துக்கு ஏற்ற பொருளானது. ஆனாலும் வெப்பத்தோடு அதற்கு உள்ள உறவு முற்றாக அறுந்துவிடவில்லை.

தார்ச் சாலையைப் பெரிதாக்கிப் பார்த்தால் மேடும் பள்ளமுமாக இருக்கும். டயரின் ரப்பர் அந்தப் பள்ளங்களுக்குள் அழுந்திப் பதிவதால்தான் கார் வளைவில் வழுக்காமல் நிற்கிறது. டயர் குளிர்ந்திருந்தால் ரப்பர் விறைப்பாக இருக்கும், சரியாகப் பதியாது. அளவுக்கு மீறிச் சூடானால் மேற்பரப்பு குழைந்து உரிந்து போகும். இரண்டுக்கும் நடுவே உள்ள குறுகிய வெப்ப எல்லைக்குள் டயரை வைத்திருப்பதுதான் ஓட்டுநரின் கலை. நல்ல சிம் மென்பொருள்கள் இந்த மாற்றத்தை ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாகக் கணக்கிட்டுக்கொண்டே இருக்கின்றன.

காற்றழுத்தமும் இதோடு சேர்ந்தது. 30 டிகிரி செல்சியஸில் 20 பி.எஸ்.ஐ. காற்று நிரப்பிய டயர் 90 டிகிரிக்குச் சூடேறினால், உள்ளே அழுத்தம் ஏறக்குறைய 27 பி.எஸ்.ஐ. ஆகிவிடும். பள்ளியில் படித்த வாயு விதிதான் இது. அழுத்தம் கூடினால் டயரின் நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும். குறைந்தால் ஓரங்கள் தேயும். எனவே, கார் நிற்கும்போது உள்ள அழுத்தத்தை நம்பாதீர்கள். நாலைந்து சுற்று ஓட்டிய பிறகு திரையில் தெரியும் அளவைப் பார்த்துத் திருத்துங்கள்.

ஒரு சின்னக் கணக்கு

20 சுற்றுப் பந்தயம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். டயர் மாற்ற ‘பிட்’டுக்குள் போய் வந்தால் 25 வினாடி வீணாகிறது. நீங்கள் நிதானமாக ஓட்டுவதால், தேய்மானம் காரணமாக ஒவ்வொரு சுற்றுக்கும் முந்திய சுற்றைவிட 0.1 வினாடி கூடுதலாகிறது என்று கொள்வோம். டயர் மாற்றாமல் முடித்தால் மொத்த இழப்பு 19 வினாடி. பாதியில் ஒருமுறை மாற்றினால் தேய்மான இழப்பு 9 வினாடி, பிட் இழப்பு 25, ஆக மொத்தம் 34. மாற்றாமல் ஓடுவதே இலாபம்.

இப்போது டயரை வறுத்தெடுத்து ஓட்டுகிறீர்கள், அந்த 0.1 வினாடி 0.3 ஆகிவிடுகிறது. மாற்றாமல் ஓடினால் இழப்பு 57 வினாடி. ஒருமுறை மாற்றினால் 27-உம் 25-உம் சேர்ந்து 52. இங்கே மாற்றுவதே சரி. ஆனால் நிதானமாக ஓட்டியவரின் இழப்பு வெறும் 19 வினாடிதானே! உங்கள் ஆவேசம் ஒரு சுற்றுக்கு ஒன்றரை வினாடிக்கு மேல் மிச்சம் பிடித்தால்தான் அவரோடு சமமாக முடியும். அது எளிதல்ல. எந்த வியூகம் பொருந்தும் என்பதை முதலில் முடிவு செய்வது உங்கள் கால்தான்.

செப்பாங் தந்த பாடம்

இதற்கு மிகச் சிறந்த சான்று மந்தினிலிருந்து அதிகத் தூரத்தில் இல்லை. நீலாய் வழியாகக் காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய செப்பாங் தடத்தில் 1999 முதல் 2017 வரை ஃபார்முலா 1 பந்தயம் நடந்தது. ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், மொத்தம் 56 சுற்று.

2015 மார்ச் 29 அன்று தடத்தின் மேற்பரப்பு கொதித்துக்கொண்டிருந்தது. நான்காவது சுற்றில் ஒரு கார் சுழன்று சிக்கிக்கொள்ள, பாதுகாப்புக் கார் உள்ளே வந்தது. எல்லோரும் மெதுவாக ஓடும் அந்த நேரத்தில் பிட்டுக்குள் போனால் இழப்பு குறைவு. மெர்சிடிஸ் அணி தன் இரு கார்களையும் உடனே அழைத்தது. ஃபெராரியின் செபாஸ்டியன் வெட்டல் தடத்திலேயே நின்றார். வெப்பத்திலும் டயரை அதிகம் தேய்க்காத கார் அவருடையது. அவர் இரண்டு முறை மட்டும் டயர் மாற்றினார். லூயிஸ் ஹாமில்டனுக்கு மூன்று முறை தேவைப்பட்டது. முடிவில் வெட்டல் சுமார் 8.5 வினாடி முன்னால் வந்தார். மலிவாகக் கிடைத்த நிறுத்தம், தேவையான நிறுத்தமாக இருக்க வேண்டும் என்பதில்லை.

அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 2005இல், தகுதிச் சுற்றுக்கும் பந்தயத்துக்கும் ஒரே தொகுதி டயர்தான் என்று விதி இருந்தது. அந்த ஆண்டு செப்பாங்கில் ஜோர்டான் காரை ஓட்டிய கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் 11ஆவதாக முடித்தார். மலேசிய வெயிலில் டயரைக் கடைசிவரை பத்திரமாகக் கொண்டுபோவதும் அன்று பந்தயத்தின் ஒரு பாதி.

உங்கள் அடுத்த பந்தயத்துக்கு

உண்மைக் காரில் சக்கரம் வழுக்குவதை ஓட்டுநர் இருக்கை வழியே உடம்பால் உணர்வார். சிம்மில் உங்களுக்குக் கண், காது, கை மட்டும்தான். ஆகவே டயரின் ஓசையைக் கவனியுங்கள். மெல்லிய முனகல் நல்லது. கிறீச்சிட்டால் ரப்பர் உரிகிறது. ஸ்டீயரிங் திடீரென இலேசானால் முன்சக்கரம் பிடியை விடுகிறது. அப்போது இன்னும் திருப்பாதீர்கள், சற்றே தளர்த்துங்கள்.

தொடக்கத்தில் எரிபொருள் நிறைந்திருப்பதால் கார் கனமாக இருக்கும். டயர் அதிகம் வதைபடுவது அப்போதுதான். முதல் சில சுற்றுகளில் பிரேக்கை இறுக்கிச் சக்கரத்தைப் பூட்டிவிடாமலும், வளைவிலிருந்து வெளியேறும்போது எரிபொருள் மிதியை ஒரேயடியாக அழுத்தாமலும் ஓட்டுங்கள்.

எதிராளிக்கு ஒரு சுற்று முன்னதாக டயர் மாற்றி, புது டயரின் வேகத்தால் அவரை முந்துவது ஒரு தந்திரம். தேய்மானம் அதிகமுள்ள தடத்தில் இது பலிக்கும். தேய்மானம் குறைந்த தடத்திலோ, வெளியே வரும் இடத்தில் நெரிசல் இருந்தாலோ பலிக்காது. புது டயர் குளிர்ந்தே வரும் சிம்களில் முதல் சுற்றில் நேரம் இழக்கவும் கூடும்.

இதையெல்லாம் பந்தய நாளில் கண்டுபிடிக்க முடியாது. முந்திய நாள் பயிற்சியில், ஒரே தொகுதி டயரில் பத்துச் சுற்று ஓட்டி, ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் தாளில் எழுதுங்கள். சுற்றுக்கு எவ்வளவு கூடுகிறது என்று பாருங்கள். பிட்டுக்குள் ஒருமுறை போய் வந்து அந்த இழப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு எண்களும் கையில் இருந்தால், மேலே போட்ட கணக்கை உங்கள் பந்தயத்துக்கு நீங்களே போட்டுவிடலாம்.