முதுகுவலியை அளக்கும் கோல்கள்

முதுகுவலி இல்லாத வீடு அரிது. ஆயினும் வலிகள் யாவும் ஒரு தன்மையன அல்ல. ஓய்வெடுத்தால் தணியும் வலி ஒன்று. ஓய்வில் மிகுந்து, நடமாடினால் குறையும் வலி மற்றொன்று. பின்னது இளமையிலேயே மெல்லத் தொடங்கும். பின்னிரவில் உறக்கத்தைக் கலைக்கும். விடியலில் முதுகைக் கட்டைபோல் விறைக்கச் செய்யும். 'ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ்' முதலிய முதுகெலும்பு மூட்டு அழற்சி நோய்களின் இயல்பு இதுவே. காலையில் எழ இயலாத மகனைச் சோம்பேறி எனக் கடியுமுன் பெற்றோர் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.

இந்நோயை இனங்காண மருத்துவ அறிஞர்கள் 1961இல் உரோமையிலும், 1966இல் நியூயார்க்கிலும் அளவுகோல்களை வகுத்தனர். நியூயார்க் அளவுகோல் 1984இல் திருத்தப்பட்டது. அதன்படி, முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு இணையும் மூட்டில் உண்டான சேதம் எக்ஸ்ரே படத்தில் தெரிந்தாக வேண்டும். ஆனால் அச்சேதம் படத்தில் தெரியப் பல்லாண்டுகள் ஆகலாம். அதுவரை நோயாளியின் துன்பத்திற்குப் பெயரே இல்லை!

இக்குறையை நீக்கவே 'அசாஸ்' என்னும் பன்னாட்டு வல்லுநர் குழு 2009இல் புதிய விதிகளை வெளியிட்டது. 45 வயதுக்கு முன் தொடங்கி, 3 மாதங்களேனும் நீடித்த முதுகுவலி உடையோர்க்கே இவை பொருந்தும். எக்ஸ்ரேயிலோ எம்.ஆர்.ஐ. படத்திலோ அம்மூட்டின் அழற்சி புலப்பட்டு, நோயின் பிற அடையாளங்களுள் ஒன்றேனும் இருத்தல் வேண்டும். அல்லது இரத்தச் சோதனையில் 'எச்.எல்.ஏ. பி27' காணப்பட்டு, பிற அடையாளங்கள் இரண்டேனும் இருத்தல் வேண்டும். கண் அழற்சி, சொரியாசிஸ், குதிகால் வலி, குடும்பத்தில் இந்நோய் இருத்தல் ஆகியன அவ்வடையாளங்களுட் சில.

இக்கோல் எத்துணைத் துல்லியமானது? 649 பேரிடம் சோதித்தபோது, நோயுள்ளோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 83 பேரை இனங்கண்டது. நோயற்றோரில் 84 பேரைச் சரியாக விலக்கியது. எனவே நோயுள்ள 17 பேர் தப்பிவிடுகின்றனர். நோயற்ற 16 பேர் நோயாளராக எண்ணப்படுகின்றனர். பி27 உடையோரிலும் பெரும்பாலோர்க்கு இந்நோய் வருவதே இல்லை. மேலும், இவ்விதிகள் ஆராய்ச்சிக்கென நோயாளரை வகைப்படுத்த எழுந்தவை. இவற்றின் சரி பிழையை நிறுத்துப் பார்க்கத் துலாக்கோலாய் அமைந்ததும் தேர்ந்த மருத்துவரின் முடிவே.

ஆதலின் நாம் கொள்ளத்தக்க பாடம் யாது? எக்ஸ்ரேயில் குறையில்லை என்பதனால் நோயே இல்லை என்று அமைதி கொள்ளலாகாது. ஓர் இரத்தச் சோதனையைக் கண்டு அஞ்சுதலும் வேண்டா. வலி எப்பொழுது மிகுகிறது, எதனால் தணிகிறது, கண் சிவந்ததுண்டா, வீட்டில் எவர்க்கேனும் இந்நோய் உண்டா என்பனவற்றை மூட்டுநோய் மருத்துவரிடம் ஒளிக்காது கூறுவோம். நோயாளி வாய்திறந்து சொல்லாதவற்றை எந்த அளவுகோலும் அளந்தறிய மாட்டாது.