காதைக் கிழித்த கிட்டார் அடங்கியது! பண்ணை வீட்டுக்குப் போன "பங்க்" இசைக்காரர்

காது கிழிய கிட்டார் வாசித்துப் பெயர் வாங்கியவர் அவர். கோஷ்டி உடைந்ததும் பட்டணத்தை விட்டே கிளம்பினார். பண்ணை வீட்டில் தனியாக உட்கார்ந்து, மின்சாரம் இல்லாத மரக் கிட்டாரை மெதுவாக வாசிக்க ஆரம்பித்தார்!

அவர் பெயர் பாப் மோல்ட். அமெரிக்காக்காரர்.

மளிகைக் கடை பையன்

1960-ல் பிறந்தவர். ஊர் மலோன். நியூயார்க் மாநிலத்தில் கனடா எல்லை ஓரம் உள்ள சின்ன ஊர். பெற்றோர் மளிகைக் கடை வைத்திருந்தார்கள்.

1976-ல் "ராமோன்ஸ்" கோஷ்டியின் முதல் இசைத்தட்டு வந்தது. அதுதான் "பங்க்" இசை. இதற்குச் சங்கீதம் படித்திருக்க வேண்டாம். வேகம் வேண்டும், கோபம் வேண்டும். சத்தம்னா சத்தம், அப்படி ஒரு சத்தம் வேண்டும்! அதைக் கேட்டுத்தான் மோல்ட் கிட்டாரைக் கையில் எடுத்தார்.

கல்லூரிப் படிப்புக்காக செயின்ட் பால் நகருக்குப் போனார். அங்கே 1979-ல் "ஹஸ்கர் டூ" கோஷ்டி பிறந்தது. டிரம் அடித்தவர் கிராண்ட் ஹார்ட். பேஸ் கிட்டார் வாசித்தவர் முறுக்கு மீசை கிரெக் நார்ட்டன். மூன்றே பேர். ஆனால் முப்பது பேர் வாசிக்கிற மாதிரி இரைச்சல்!

1984-ல் "ஜென் ஆர்கேட்" என்ற இரட்டை இசைத்தட்டு வந்தது. செலவு சுமார் 3,200 டாலர்தான். அதற்குள்ளேயே ஒரு ரகசியம் ஒளிந்திருந்தது. இரைச்சலுக்கு நடுவே மரக் கிட்டார் பாட்டு ஒன்று. வார்த்தையே இல்லாத பியானோ இசை. கடைசியில் பாட்டே இல்லாமல் சுமார் 14 நிமிடம் வெறும் வாசிப்பு. அமைதிக்கு விதை அங்கேயே விழுந்துவிட்டது.

கோஷ்டி உடைந்தது

1986-ல் வார்னர் பிரதர்ஸ் கம்பெனி இவர்கள் தட்டை வெளியிட்டது. அதே ஆண்டு மோல்ட் குடியை விட்டார். ஹார்ட்டோ போதை மருந்தில் சிக்கினார். 1987-ல் கோஷ்டியின் மானேஜர் தற்கொலை செய்துகொண்டார். 1988 ஜனவரியில் எல்லாம் முடிந்தது. அப்போது மோல்டுக்கு வயது 27.

கோஷ்டி இல்லை. கூட்டாளிகள் இல்லை. அடுத்து என்ன?

மின்னசோட்டா மாநிலத்தில் பைன் சிட்டி என்ற சிற்றூர். அங்கே பண்ணை வீட்டில் தங்கினார். தந்திகளை வேறு வேறு விதமாகச் சுருதி கூட்டிப் பார்த்தார். புதுப் பாட்டுகளை எழுதினார்.

முதல் அடியே அமைதி!

1989-ல் "வொர்க்புக்" வந்தது. அவர் தனியாகப் போட்ட முதல் தட்டு. பழைய ரசிகர்கள் இரைச்சலை எதிர்பார்த்துத் தட்டைச் சுழல விட்டார்கள். திகைத்துப் போனார்கள்!

முதலில் வந்தது "சன்ஸ்பாட்ஸ்". பாட்டு இல்லை, டிரம் இல்லை. மரக் கிட்டார் மட்டும். அடுத்து வந்த பாட்டுகளில் செல்லோவும் சேர்ந்தது. வயலினுக்கு அண்ணன் மாதிரி இருக்கும் வாத்தியம் அது. அதை வாசித்தவர் ஜேன் ஸ்கார்ப்பன்டோனி.

இதில் ஆபத்து இல்லையா? இருந்தது. சத்தத்துக்காக வந்த ரசிகன், சத்தம் போனால் போய்விடலாம். சத்தத்தில் சின்னப் பிசகு மறைந்துவிடும். மரக் கிட்டாரில் ஒரு விரல் தவறினாலும் காட்டிக் கொடுத்துவிடும். அதற்குத் துணிந்துதான் அமைதியை முதல் ஆளாக நிறுத்தினார் மோல்ட்.

ரசிகர்கள் கைவிடவில்லை. "சீ எ லிட்டில் லைட்" பாட்டு வானொலிகளில் ஒலித்தது. 25 ஆண்டு கழித்து, 2014-ல், தட்டு மறுபடியும் வெளியானது.

சத்தத்தை அடியோடு விட்டாரா? இல்லை. 1992-ல் "சுகர்" கோஷ்டியோடு இரைச்சலாகவே திரும்பினார். ஆனால் அது வேறு வழி இல்லாமல் போட்ட சத்தம் அல்ல. இரண்டும் தெரிந்தவர், வேண்டும் என்று தேர்ந்தெடுத்த சத்தம்.

மற்ற இருவர்? நார்ட்டன் சமையல்காரராகி ஓட்டல் நடத்தினார். ஹார்ட் 2017-ல் காலமானார்.

"வொர்க்புக்" கிடைத்தால் முதலில் உள்ளதையும் கடைசியில் உள்ளதையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். முதலாவது மெல்லிய மரக் கிட்டார். கடைசியோ கூரையைப் பிய்க்கும் கூச்சல். இரண்டும் ஒரே ஆளா என்று கேட்பீர்கள். ஒரே ஆள்தான்!