கி.பி. 712: வென்றவர்களுக்கும் தப்பவில்லை

சிந்து, சாமர்கண்ட், ஸ்பெயின் என்று ஒரே ஆண்டில் மூன்று முனைகளில் அரபுப் படைகள் வென்றன. ஆனால் வெற்றி தேடித் தந்த தளபதிகளை வீழ்த்தியது எதிரிகள் அல்ல.

ஜூன் மாதம். சிந்து நதிக்கரையில் ராவர் என்ற இடம். யானை மீதிருந்து போரிட்ட சிந்து மன்னர் தாஹிர், நிலைமை மோசமானதும் கீழே இறங்கி வாளெடுத்தார். மாலையில் கொல்லப்பட்டார். எதிரணித் தளபதி முகமது பின் காசிமுக்கு அப்போது பதினேழு வயதுதான் என்கிறது மரபுச் செய்தி. நம் பாடப்புத்தகங்களில் கி.பி. 712 என்றால் அரபுகள் சிந்துவை வென்ற ஆண்டு. அந்த ஒரு வரியோடு சரி.

போருக்குச் சொல்லப்பட்ட காரணம் ஒரு கப்பல். இலங்கையில் இறந்துபோன அரபு வணிகர்களின் குடும்பப் பெண்களை ஏற்றி வந்த அந்தக் கப்பலை தேபல் துறைமுகத்தருகே கடற்கொள்ளையர்கள் பிடித்துக்கொண்டார்கள் என்று ஒன்பதாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் பலாதுரி எழுதுகிறார். அவர்களை மீட்டுத் தருமாறு இராக்கின் ஆளுநர் ஹஜ்ஜாஜ் கேட்டார். கொள்ளையர்கள் தன் கட்டுப்பாட்டில் இல்லை என்று தாஹிர் கைவிரித்தார். அனுப்பிய படைகள் இரண்டு முறை தோற்ற பிறகு, ஹஜ்ஜாஜ் தன் உறவினரான காசிமை அனுப்பினார். ‘மணப்பெண்’ என்று செல்லப் பெயரிடப்பட்ட, 500 பேர் சேர்ந்து இயக்கிய கல்லெறி பொறி தேபலைத் தகர்த்தது. பிறகு ஹஜ்ஜாஜ் கணக்குப் பார்த்தார். செலவு 6 கோடி திர்ஹம், வரவு 12 கோடி!

எல்லைகள் எங்கெங்கும்

அதே ஆண்டில், அதே ஹஜ்ஜாஜின் கீழிருந்த இன்னொரு தளபதி குதைபா பின் முஸ்லிம், மத்திய ஆசியாவின் பட்டு வணிக நகரமான சாமர்கண்டை முற்றுகையிட்டுப் பணிய வைத்தார். அதன் அரசர் குராக் கப்பம் கட்ட ஒப்புக்கொண்டார். மேற்கே, முந்தைய ஆண்டு தாரிக் தொடங்கிவைத்த ஸ்பெயின் படையெடுப்பை முடிக்க மூசா பின் நுசைர் சுமார் 18,000 வீரர்களுடன் கடல் கடந்தார். செவில் நகரம் விழுந்தது. டமாஸ்கஸில் இருந்த கலீஃபா வாலிதின் ஆட்சி சிந்து நதி முதல் அட்லாண்டிக் வரை பரவியது.

உலகின் மற்ற பகுதிகளும் சும்மா இருக்கவில்லை. இத்தாலியில் லொம்பார்டு மன்னர் அரிபெர்ட், தோற்று ஓடும்போது பொன்னைச் சுமந்தபடி டிசினோ ஆற்றை நீந்திக் கடக்க முயன்று மூழ்கிப்போனார். சீனாவில் பேரரசர் சுவான்சோங் அரியணை ஏறினார். மகாகவி து ஃபு பிறந்தார். அவதம்சக சூத்திரத்துக்கு உரை கண்ட பௌத்த ஞானி ஃபாசாங் இறந்தார். ஃபாசாங்கின் மூதாதையர் வந்தது, அதே ஆண்டில் வீழ்ந்த சாமர்கண்ட் பகுதியிலிருந்து. ஜப்பானில் அந்நாட்டின் மிகப் பழைய நூலாக இன்று எஞ்சியிருக்கும் ‘கொஜிகி’ பேரரசியிடம் சமர்ப்பிக்கப்பட்டது.

மூன்றே ஆண்டுகள்

714-ல் ஹஜ்ஜாஜ் இறந்தார். 715-ல் கலீஃபா வாலிதும் இறக்க, அவரது சகோதரர் சுலைமான் பதவிக்கு வந்தார். ஹஜ்ஜாஜின் ஆட்கள் மீது அவருக்குத் தீராத பகை. காசிம் சிந்துவிலிருந்து திருப்பி அழைக்கப்பட்டு, வாசித் நகரச் சிறையில் சித்திரவதைக்கு ஆளாகி இறந்தார். அந்த நகரத்தை நிறுவியவரே ஹஜ்ஜாஜ்தான். புதிய கலீஃபாவுக்கு எதிராகக் கிளம்பிய குதைபாவை அவரது சொந்த வீரர்களே ஃபெர்கானாவில் வெட்டிக் கொன்றார்கள். ஸ்பெயினின் செல்வத்தோடு டமாஸ்கஸ் திரும்பிய மூசா, அவமதிக்கப்பட்டு, பதவி இழந்து மறைந்தார். தாஹிரின் மகள்கள் தந்திரமாகப் பழிவாங்கியதால்தான் காசிம் இறந்தார் என்ற புகழ்பெற்ற கதை, 13-ம் நூற்றாண்டின் ‘சச்நாமா’ சொல்வது. பலாதுரியிடம் அது இல்லை.

சிந்துவில் காசிம் விட்டுச்சென்ற ஏற்பாடு அவரைவிட அதிக நாள் நிலைத்தது. பிராமண அதிகாரிகள் வரிவசூலில் தொடர்ந்தார்கள் என்கிறது சச்நாமா. பணிந்த ஊர்களின் கோயில்கள், கிறிஸ்தவ, யூத வழிபாட்டிடங்களைப் போலவே கருதப்பட்டன என்கிறார் பலாதுரி. ஆனால் அரபுப் படை இந்தியாவுக்குள் அதிக தூரம் முன்னேற முடியவில்லை. குஜராத்தின் நவசாரியில் சாளுக்கியத் தளபதி புலிகேசி அவர்களைத் தடுத்ததை 739-ம் ஆண்டுச் செப்பேடு கூறுகிறது.

செய்தி தெற்கேயும் எட்டியிருந்தது. 720-ல் தென்னிந்திய மன்னர் ஸ்ரீநரசிம்மர், அரபுகளையும் திபெத்தியரையும் எதிர்க்க யானைகளும் குதிரைகளும் தரத் தயார் என்று சீனப் பேரரசருக்குத் தூது அனுப்பியதாகச் சீனக் குறிப்புகள் கூறுகின்றன. காஞ்சியில் கைலாசநாதர் கோயிலைக் கட்டிய பல்லவர் ராஜசிம்மன்தான் அவர் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். தூது போய்ச் சேர்ந்தது, 712-ல் முடிசூடிய அதே சுவான்சோங்கிடம். பாடப்புத்தகம் ஒரே வரியில் முடித்துவிட்ட ஆண்டின் எதிரொலி காஞ்சியிலும் சீனத் தலைநகரிலும் எட்டு ஆண்டுகளுக்குப் பிறகும் ஓயவில்லை.