பெட்டிக்குள் நம் தெரு இல்லை

மாலை ஏழு மணிக்குமேல் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் எந்தக் காலனித் தெருவில் நடந்தாலும் வீட்டுக்கு வீடு ஒரே சத்தம்தான் கேட்கும். தொடர் ஓடிக்கொண்டிருக்கும். வெங்காயக் காட்டிலிருந்தும் பருத்திக் கொல்லையிலிருந்தும் திரும்பிய அம்மா அடுப்படியில் நின்றபடி பார்ப்பார். பத்தாவது படிக்கும் மகள் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பார்ப்பாள். அண்ணன் கட்டிலில் படுத்தபடி ரிமோட்டைக் கையில் வைத்திருப்பான்.

இந்தப் பெட்டி நமக்குச் சும்மா வந்துவிடவில்லை. பஞ்சாயத்து டிவி இருந்த காலத்தில் அது பெரும்பாலும் ஊர்த்தெருவில்தான் இருந்தது. எட்ட நின்று எட்டிப் பார்த்த நினைவு நம் பெரியவர்களில் பலருக்கு இன்னும் இருக்கிறது. 2006-இல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியபோது, அடுத்தவர் சன்னலில் நிற்கும் நிலை நமக்கு முடிவுக்கு வந்தது. அது சின்ன விஷயம் அல்ல. ஆனால் பெட்டி காலனிக்குள் வந்ததே தவிர, காலனி பெட்டிக்குள் போகவில்லை.

தொலைக்காட்சி பெண்களைக் கெடுக்கிறது என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வதை நாம் ஏற்கவில்லை. ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைச் சொல்கிறது. தமிழ்நாடு உள்பட ஐந்து இடங்களில் 2001 முதல் 2003 வரை தகவல் திரட்டினார்கள். கேபிள் வந்த கிராமங்களில், கணவன் அடிப்பது சரிதான் என்று சொல்லும் பெண்கள் குறைந்தார்கள். ஆண் பிள்ளைதான் வேண்டும் என்ற எண்ணமும் குறைந்தது. சிறு பிள்ளைகள் பள்ளிக்குப் போவது கூடியதற்கான அறிகுறியும் தெரிந்தது. வேறு விதமாகவும் வாழலாம் என்று கண்ணால் பார்ப்பதே ஒரு பலம்தான்.

அப்படியானால் நம் பிள்ளைகள் கண்ணால் பார்ப்பது என்ன? ‘மெட்டி ஒலி’யை எடுத்துக்கொள்வோம். 2002 முதல் 2005 வரை தமிழகமே பார்த்த தொடர். ஐந்து பெண்களைக் கட்டிக்கொடுத்துவிட்டு, புகுந்த வீட்டில் அவர்கள் படும் பாட்டைப் பார்த்து நோகும் ஒரு தகப்பனின் கதை. நம் அம்மாக்கள் அழுதழுது பார்த்தார்கள். 2020 ஊரடங்கில் அதே தொடரை மீண்டும் ஒளிபரப்பினார்கள். இந்த முறை அம்மாவுடன் மகளும் உட்கார்ந்து பார்த்தாள்.

அதே 2020-இல், அதே பெட்டியில்தான் கல்வித் தொலைக்காட்சியும் பாடம் நடத்தியது. பள்ளிக்கூடம் மூடியிருந்த நாட்களில் ஸ்மார்ட்போன் இல்லாத வீட்டுக்கு அதுதான் வகுப்பறை. ஆனால் பாட நேரத்தில் தண்ணீர் பிடிப்பதும் தம்பியைப் பார்த்துக்கொள்வதும் யார் வேலையாக இருந்தது? நம் வீடுகளில் பையனுக்குப் பாடமும் பெண்ணுக்கு வேலையும் என்று பிரித்ததற்கு எந்தத் தொடரையும் குற்றம் சொல்ல முடியாது.

பையன்கள் என்ன எடுத்துக்கொள்கிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். 2022-இல் தொடங்கிய ‘எதிர்நீச்சல்’, படித்த மருமகள்கள் ஒரு வீட்டின் ஆண் அதிகாரத்தை எதிர்த்து நிற்கும் கதை. ஆனால் கைப்பேசிகளில் மீம்ஸாகச் சுற்றியது அந்தப் பெண்களின் பேச்சு அல்ல, அவர்களை மிரட்டும் ஆதி குணசேகரனின் மிரட்டல்தான். விதைத்தது ஒன்று, நம் பிள்ளைகள் அறுத்தது வேறொன்று.

சினிமாவானாலும் தொடரானாலும், கதை பெரும்பாலும் பெரிய வீட்டு ஹாலில்தான் நடக்கிறது. நாயகன் ‘பிசினஸ்’ செய்வான். அது என்ன பிசினஸ் என்று யாருக்கும் தெரியாது. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்ப்பவரின் மகள் கிராம நிர்வாக அலுவலராகும் கதையும், எறையூர் காலணித் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் பெண்ணின் கதையும் அங்கே அரிது. தன்னைப் போன்ற ஒருத்தியைத் திரையில் பார்க்காத பிள்ளை, அந்த இடம் தனக்கில்லை என்று தானே முடிவு செய்துவிடுகிறது.

நம் மாவட்டத்துத் தலித் பெண் ஒருவரைத் தமிழகத்தின் எல்லாச் செய்திச் சேனல்களும் காட்டியது 2017-இல். குழுமூர் அனிதா. தந்தை மூட்டை தூக்கும் தொழிலாளி. மகள் பிளஸ் டூவில் 1200-க்கு 1176. மருத்துவராக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வரை போனவர். நீட் அடிப்படையிலேயே சேர்க்கை என்று ஆகஸ்ட் 22-இல் நீதிமன்றம் சொன்னது. செப்டம்பர் 1-இல் அவரை இழந்தோம். அந்த வாரம் மைக்குகள் குழுமூருக்கு வந்தன, பிறகு போய்விட்டன. நம் பெண் சாகும்போது மட்டும் திரையில் இடம் கிடைக்கிறது என்றால், வளரும் பிள்ளை அதிலிருந்து என்ன கற்றுக்கொள்ளும்?

அனிதாவின் முடிவை அல்ல, அவர் படித்த படிப்பையும் போட்ட வழக்கையும்தான் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அவர் போனபின் வந்தவற்றையும் சொல்ல வேண்டும். 2020 முதல் மருத்துவச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துவிட்டுக் கல்லூரி செல்லும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது. அரியலூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அங்குள்ள அரங்கத்துக்கு அனிதாவின் பெயர்.

2011 கணக்கெடுப்பில் அரியலூர் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் 1000 பேருக்குப் பெண் குழந்தைகள் 897 பேர்தான். பெண் பிறப்பதையே பாரமாக நினைக்கும் மண்ணில், திரை சொல்வதையெல்லாம் கேள்வி இல்லாமல் விழுங்க நமக்கு வசதியில்லை.

டிவியை அணைக்கச் சொல்லவில்லை. சேர்ந்து பாருங்கள். விளம்பர இடைவேளையில் பிள்ளைகளிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இதில் யார் வேலைக்குப் போகிறார்கள்? யார் முடிவெடுக்கிறார்கள்? நம் தெரு இதில் எங்கே இருக்கிறது? கேட்டு முடித்ததும் ரிமோட்டை ஒரு நாள் மகள் கையில் கொடுங்கள். தண்ணீர்க் குடத்தை மகன் எடுக்கட்டும்.