வீட்டுக் காவற் கமரா: அமைத்தலும் பயன்படுத்தலும்

விளைவித்தல் ஒரு வேலை. விளைந்ததைக் காத்தல் மற்றொரு வேலை. கமக்காரர் மாதக்கணக்காக உழைத்துப் பெற்ற நெல்லும் மரக்கறியும் ஓர் இரவிற் களவு போகுமாயின் அந்தப் போகத்தின் பயன் கைக்கு எட்டாது போய்விடும். நீர் இறைக்கும் இயந்திரம், மருந்து தெளிகருவி, மின்கம்பி, உரப்பை ஆகியனவும் கள்வர் கண்ணுக்குத் தப்புவதில்லை.

கொழும்புப் புறக்கோட்டையில் இருந்த மெனிங் சந்தை, 2020ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், களனி ஆற்றுக்கு அப்பாலுள்ள பேலியகொடைக்கு மாற்றப்பட்டது. தூர இடங்களிலிருந்து மரக்கறி கொண்டு அங்கு செல்லும் கமக்காரர் இரவிலேயே வீட்டை விட்டுப் புறப்பட வேண்டியுள்ளது. ஆகவே, அறுவடை நிறைந்திருக்கும் காலமே வீட்டில் ஆள் குறைந்திருக்கும் காலமாகவும் அமைகின்றது. அவ்வேளைகளில் வீட்டுக்குத் துணையாகக் காவற் கமராவை அமைத்துப் பயன்படுத்தும் முறையை விளக்குவதே இவ்வெளியீட்டின் நோக்கமாகும்.

கமராவின் பயன்

கமரா கள்வனைப் பிடிப்பதில்லை, கதவைப் பூட்டுவதுமில்லை. அது காண்பதைப் பதிவு செய்யும். ஆள் நடமாட்டத்தைக் கையடக்கத் தொலைபேசிக்கு அறிவிக்கும். எனவே நல்ல பூட்டும், விளக்கும், அயலவர் துணையும் முன்போலவே தேவை. 1966ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரின் குயீன்ஸ் பகுதியில் வாழ்ந்த மேரி வான் பிரிட்டன் பிரவுண் என்னும் தாதி, கதவுக்கு வெளியே நிற்பவரை உள்ளேயிருந்து தொலைக்காட்சித் திரையிற் காணும் அமைப்பொன்றுக்குக் காப்புரிமை கோரினார். 1969இல் அது வழங்கப்பட்டது. கதவைத் திறக்குமுன் வந்தவர் யாரென அறிதலே அதன் நோக்கம். இன்றும் வீட்டுக் கமராவின் முதற் பயன் அதுவேயாகும்.

இடந் தெரிதல்

கமராவை வாங்குமுன் பகலில் ஒருமுறையும் இரவில் ஒருமுறையும் வளவைச் சுற்றி நடந்து பார்த்தல் வேண்டும். வெளியாள் எவ்வழியால் உட்புகுந்தாலும் கடந்தே தீரவேண்டிய இடம் எது என ஆராய்க. படலை, பின்கதவு, களஞ்சிய வாயில் ஆகியன பெரும்பாலும் அத்தகைய இடங்களாகும்.

ஒரே கமராவால் வளவு முழுவதையும் காக்கலாம் என எண்ணுதல் பெருந்தவறு. இதனைக் கணக்கால் அறியலாம். சாதாரணக் கமராவின் படத்தில் அகலவாட்டில் 1920 புள்ளிகள் உள்ளன. முன்பின் அறியாத ஒருவரின் முகத்தை ஐயமின்றி அடையாளங் காண, அவர் நிற்கும் இடத்தில் மீற்றருக்கு 250 புள்ளிகள் வேண்டும் என்பது சர்வதேச நியமம். அதன்படி, படத்தில் அடங்கும் இடத்தின் அகலம் ஏறத்தாழ ஏழரை மீற்றருக்கு மேற்படலாகாது. 15 மீற்றர் அகலத்தைக் காட்டினால் ஏற்கெனவே தெரிந்த ஒருவரையே இனங்காணலாம். அதனினும் பெரிதாக விரித்தால் யாரோ வந்து போனார் என்பது மட்டுமே தெரியும். ஒரு கொத்து விதையைப் பெருவயல் முழுவதும் தூவினால் பயிர் அடர்த்தி பெறாதது போன்றதே இதுவும்.

கமராவை நிலத்திலிருந்து இரண்டரை முதல் மூன்று மீற்றர் உயரத்திற் பொருத்துக. அதனினும் தாழ்ந்தால் கைக்கு எட்டும்; மிக உயர்ந்தால் தொப்பியும் உச்சந்தலையுமே படத்தில் விழும். காலை மாலை வெயில் நேரே அதன் கண்ணிற் படாதவாறும், மழை நீர் உட்புகாதவாறும் இறப்பின் கீழ் அமைத்தல் நன்று.

இரவுப் பார்வை

இருளில் இக்கமராக்கள் மனிதர் கண்ணுக்குப் புலனாகாத செந்நிறக் கீழ் ஒளியைப் பாய்ச்சிப் படம் பிடிக்கின்றன. சுவரோ இறப்போ மிக அருகில் இருந்தால் அவ்வொளி தெறித்துப் படம் வெளுத்துவிடும். ஒளியை நாடிப் பூச்சிகள் வரும். பூச்சிகளை நாடிச் சிலந்தி வலை பின்னும். ஒரு சிலந்தி வலையே ஓர் இரவுக் காவலைக் கெடுக்கப் போதுமானது. ஆதலின் வாரம் ஒருமுறை கமராவின் முகத்தை மென்துணியால் துடைத்து, வலைகளை ஈர்க்கினால் அகற்றுக. எதிரே அசையும் வாழையிலைகளை வெட்டிவிடாவிடின் வீண் அறிவிப்புகள் பல வரும். வீண் அறிவிப்புக்குப் பழகியவர் உண்மையான அறிவிப்பையும் பொருட்படுத்தார்.

இவ்வொளியில் நிறங்கள் தோன்றா. கரிய துணியும் சில வேளைகளில் வெளிறித் தோன்றும். ஆதலின் இரவுப் படத்தை மட்டும் கொண்டு உடையின் நிறத்தைக் கூறலாகாது.

பொருத்திய அன்றிரவே வீட்டார் ஒருவரை அவ்வழியே நடக்கச் செய்து பதிவைப் பார்வையிடுக. முகம் தெளிவாகத் தெரியாவிடின் மறுநாளே இடத்தையோ கோணத்தையோ மாற்றுக. இச்சோதனையைச் செய்யாது விடுவோர், தம் கமராவின் குறையைக் களவு நடந்த பின்னரே அறிவர்.

மின்சாரமும் பதிவும்

2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நம் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு ஏற்பட்டதை யாவரும் அறிவர். எனவே கமராவுக்கு மட்டுமன்றி, இணைய இணைப்பைத் தரும் ரவுட்டருக்கும் மின்கலத் துணை தேவை. இடி மின்னற் காலத்தில் வீட்டார் உடனிருப்பின், மின்னிணைப்பைக் கழற்றிவிடுதல் பாதுகாப்பானது.

ஒரு கமரா இடைவிடாது பதிவு செய்து, வினாடிக்கு 2 மெகாபிட் அளவில் சேமிக்குமாயின், நாளொன்றுக்கு ஏறத்தாழ 22 கிகாபைட் நிரம்பும். ஆகவே 128 கிகாபைட் கொண்ட 'மெமரி காட்' ஐந்தாறு நாட்களுக்கே போதும். அதன்பின் பழைய பதிவு அழிந்து புதியது எழுதப்படும். களவை ஒரு வாரத்தின் பின் அறிந்தவர் பதிவையும் இழந்திருப்பார். அசைவைக் கண்டபோது மட்டும் பதியுமாறு வைத்தால் கூடிய நாட்களுக்குப் பதிவு இருக்கும். தனியான பதிவுக் கருவி உள்ளவர்கள் அதனை உள்ளறையில் மறைவாக வைக்கவேண்டும். 2016ஆம் ஆண்டு மே மாத வெள்ளத்தைக் கண்ட களனி ஆற்றுப் பகுதியினர், முன்னைய வெள்ளக் குறிக்கு மேலாக அதனை வைப்பாராக.

மின்சாரம் எட்டாத நீர் இறைக்கும் கொட்டிலுக்குச் சூரிய ஒளித் தகடும் சிம் அட்டையும் கொண்ட கமரா ஏற்றது. தகட்டின்மீது மர நிழல் விழலாகாது. அவ்விடத்தில் தொலைபேசிச் சமிக்ஞை உண்டோ என முதலிற் பார்த்தல் அவசியம்.

கடவுச்சொல்

தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாத கமராக்களை 2016இல் 'மிராய்' என்னும் தீநிரல் பெருந்தொகையாகக் கைப்பற்றியது. அவற்றைக் கொண்டே பெரிய இணையத் தளங்கள் முடக்கப்பட்டன. கடவுச்சொல்லை மாற்றாதிருத்தல், பூட்டை வாங்கித் திறப்பை அதிலேயே விட்டுச் செல்வதற்கு ஒப்பாகும். கமராவைப் பொருத்தித் தந்தவர் சென்றபின் புதிய சொல்லொன்றை நீங்களே இடுக.

அயலவர் உரிமை

கமரா உங்கள் வளவை மட்டுமே பார்க்கவேண்டும். அயல் வீட்டின் கிணற்றடியும் முற்றமும் அதிற் படலாகாது. கூலியாட்களுக்கும் கமரா இருப்பதை முன்கூட்டியே சொல்லுக. நல்ல அயலவர் எந்தக் கமராவினும் சிறந்த காவலராவர்; அவர் மனம் நோகும்படி காவல் அமைத்தல் அறிவுடைமையன்று.

களவு நிகழ்ந்தால்

கள்வனைத் தனியே துரத்தாது 119 என்னும் பொலிஸ் அவசர இலக்கத்துக்கு அறிவிக்கவும். பதிவு அழியுமுன் அதன் பிரதியை எடுத்து வைக்கவும். உடனிகழ்காலப் பதிவுகளைச் சாட்சியமாக ஏற்பதற்கு 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் இடமளிக்கின்றது. ஆயின் கருவி சரியாக இயங்கியிருக்கவும், பதிவு மாற்றப்படாதிருக்கவும் வேண்டும். எனவே திகதியும் நேரமும் சரியாக உள்ளனவா என மாதந்தோறும் பார்த்து வருக. படத்தை வெட்டித் திருத்துவதும், பொலிஸ் விசாரணைக்கு முன் ஒருவரைக் கள்வரென முகநூலிற் பரப்புவதும் கூடா. தெளிவற்ற படத்தால் குற்றமற்ற ஒருவர் பழிக்கு ஆளாதல், போன பொருளினும் பெரிய இழப்பாகும்.

வரம்பைக் கட்டிவிட்டுப் பாராதிருந்தால் நண்டு வளையினாலே நீர் வடிந்துவிடும். கமராவும் அவ்வாறே. அறுவடைக்கு முன்னும், சந்தைக்குப் புறப்படும் நாளிலும், அது விழித்திருக்கின்றதா என ஒருமுறை பார்த்துச் செல்லும் கமக்காரரே அதன் முழுப் பயனையும் பெறுவர்.